பிசுக்கு என்னும் அரைகுறை வார்னிஷ்

வடை சுட்டு இறக்கிய வாணலியைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் எண்ணெய் போய்விடுகிறது. அதே எண்ணெய் அடுப்புக்கு மேலிருக்கும் மர அலமாரிக் கதவில் படிந்து, ஆறு மாதம் கழித்துக் கண்ணில் பட்டால், அதே சோப்பும் அதே தண்ணீரும் அதே கையும் தோற்றுப்போகின்றன. விரல் வைத்தால் ஒட்டுகிறது. துணியால் துடைத்தால் அழுக்கு துணிக்கு வருவதில்லை. துணியின் பஞ்சுதான் அழுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. பலம் கொண்ட மட்டும் தேய்த்தால் பிசுக்கு அப்படியே இருக்க, மரத்தின் பளபளப்பு போய்விடுகிறது. இந்தப் புதிருக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் சொல்லப்படுகிறது: ஒழுங்காகத் தேய்க்கவில்லை. வேதியியல் சொல்லும் விடை வேறு. அலமாரியில் ஒட்டியிருப்பது இப்போது எண்ணெய் இல்லை. எண்ணெயாக வந்து உட்கார்ந்து, வேறொரு பொருளாக மாறிவிட்டது. அந்தப் பொருள், மரத்துக்கு அடித்திருக்கும் வார்னிஷுக்குப் பங்காளி முறை. இரண்டு பங்காளிகளில் ஒருவரை மட்டும் வீட்டைவிட்டு எப்படி வெளியேற்றுவது என்பதுதான் மரச் சாமான்களின் பிசுக்கை எடுப்பதில் இருக்கும் உண்மையான சிக்கல்.

சுங்குவார்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரம் போகும் வழியில் இருக்கும் ஊர். இந்த வட்டாரத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2007இல் சாம்சங் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்களுக்காக எழுந்த வாடகை வீடுகளில் அடுக்களைதான் ஆகச் சிறிய அறை. பலர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு அடுப்பு எரியும். அடுப்புக்கு நேர் மேலே பிளைவுட் அலமாரி. ஜன்னலைத் திறந்தால் லாரிகள் கிளப்பும் புழுதி. மூடினால் தாளிப்புப் புகை போக வழியில்லை. பிசுக்கு வளர இதைவிடத் தோதான இடம் அமையாது. இதே வட்டாரத்தின் கார் ஆலைகளில், பெயின்ட் அடிக்கும் முன் இரும்புத் தகட்டிலிருந்து எண்ணெயை நீக்குவதற்கென்றே தொட்டிகளும் பம்புகளும் வெப்பமானிகளும் இருக்கின்றன. ஒரே சிக்கல், ஆலைக்குள் ஒரு தனித்துறையாகவும் அடுக்களைக்குள் ஒருவரின் சோம்பலாகவும் பார்க்கப்படுகிறது. இந்தப் பார்வையைத் திருத்த வேண்டுமென்றால், எண்ணெய்க்கு என்ன நேர்கிறது என்பதை அதன் பயணத்தின் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

முதலில், எண்ணெய் எப்படி அவ்வளவு உயரம் ஏறுகிறது? வாணலியில் 'எண்ணெய் கொதிக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் கொதிப்பது தண்ணீர். பொரிக்கும்போது எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். மாவிலும் கறிவேப்பிலையிலும் கடுகுக்குள்ளும் இருக்கும் ஈரம் எண்ணெயைத் தொட்டதும் ஆவியாகி, 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. அந்த வெடிப்பில் எண்ணெய் துளிகளாகச் சிதறுகிறது. பெரிய துளிகள் அடுப்பு மேடையிலேயே விழுந்துவிடும். அவற்றை நாம் அன்றைக்கே துடைத்துவிடுவோம். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் சூடான காற்றோடு மேலே போகின்றன; போன இடத்தில் குளிர்ந்த பரப்பு எது அகப்படுகிறதோ அதில் படிகின்றன. அலமாரியின் மேல் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் மூடியை வைத்து ஒரு வாரம் கழித்து விரலால் தடவிப் பார்த்தால் இந்தப் பயணத்துக்குச் சாட்சி கிடைக்கும். கண்ணாடிபோல இருந்த மூடியில் மெல்லிய மங்கல் படர்ந்திருக்கும். அந்த ஒரு வாரத்தில் அது பெரும்பாலும் எண்ணெய்தான். சோப்புத் தண்ணீருக்கு உடனே போய்விடும். மாற்றம் அதற்குப் பிறகு நடக்கிறது.

அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, சுங்குவார்சத்திரத்திலிருந்து மேற்கே போய்க் காஞ்சிபுரத்துத் தறி ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பாவில் ஓடும் நூல்கள் ஒன்றோடொன்று பிணையாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் வந்துவிடும். ஊடை நூல் குறுக்கே ஓடி முடிந்த பிறகு தனி நூல் என்று எதுவுமில்லை, சேலைதான் இருக்கிறது. எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றும் கிளிசரால் என்ற சிறு தண்டில் மூன்று நீளமான கொழுப்பு அமில வால்கள் தொங்கும் அமைப்பு. கொழுப்பு என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்பதை ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். புது எண்ணெயில் இந்த வால்கள் பாவு நூல்கள்போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அதனால்தான் எண்ணெய் ஓடுகிறது, வழுக்குகிறது. சில வால்களில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை ஒட்டிய இடத்தில் ஹைட்ரஜன் தளர்வாக நிற்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அந்தத் தளர்ந்த இடத்தில் நுழைகிறது. ஆக்சிஜன் நுழைந்த வால் பக்கத்து வாலிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த வால் அடுத்த ஆக்சிஜனுக்குத் தயாராகிறது. ஒரு முறை தொடங்கினால் தானே தன்னை ஓட்டிக்கொள்ளும் இந்த வினைக்குத் தன் ஆக்சிஜனேற்றம் என்று பெயர். இதில் சில வால்கள் துண்டாகிக் காற்றில் பறக்கின்றன. பழைய எண்ணெயில் வீசும் சிக்கு வாடை அந்தத் துண்டுகளின் வாடை. மற்றவை பக்கத்து வால்களோடு குறுக்கே பிணைகின்றன. ஆக்சிஜன் இங்கே ஊடை நூலாகிறது. மாதங்கள் போகப் போக, கோடிக்கணக்கான தனி மூலக்கூறுகள் சேர்ந்து ஒரே வலையாகின்றன. வேதியியலில் இதைப் பலபடி என்கிறோம். பாதி நெய்த நிலையில் அது ஒட்டும். முழுதும் நெய்தால் கெட்டியாகும். பிசுக்கு என்று நாம் சொல்வது அந்தப் பாதி நிலையை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயமான கேள்வி. மூலக்கூறு பின்னுவதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் சாட்சிகள் பல திசைகளிலிருந்து வருகின்றன. முதல் சாட்சி தராசு. தண்ணீர் காய்ந்தால் எடை குறையும். ஆளி விதை எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசிக் காயவிட்டால் எடை பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. காற்றிலிருந்து ஏதோ உள்ளே வந்து தங்கினாலொழிய இது நடக்காது. இரண்டாவது சாட்சி சூடு. ஆளி எண்ணெயில் தோய்ந்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிப்பது உண்டு. பெயின்டர்கள் அறிந்த ஆபத்து இது. சும்மா உலர்வது சூட்டைக் கக்காது; வினை நடந்தால்தான் கக்கும். மூன்றாவது சாட்சி அயோடின். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் அயோடின் போய் ஒட்டும். எண்ணெய் எவ்வளவு அயோடினை விழுங்குகிறது என்று அளந்து, அதில் எத்தனை இரட்டைப் பிணைப்புகள் உள்ளன என்று கணக்கிடும் முறையை ஆஸ்திரியாவின் ஹ்யூபல் 1884இல் வகுத்தார். எண்ணெய் காயக் காய இந்த எண் இறங்குகிறது. பிணைப்புகள் செலவாகின்றன என்று பொருள். வினையின் படிகளை 1940களில் தெளிவாக்கியவர்கள் பிரிட்டனின் ரப்பர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த போலண்டும் ஜீயும். மலாயாவில் தமிழர்கள் பால்வெட்டி எடுத்த ரப்பர் ஏன் நாளடைவில் பிசுபிசுத்து வெடிக்கிறது என்ற கேள்வியின் தொடர்ச்சியாக வந்த வேலை அது. ரப்பரைக் கெடுக்கும் அதே வினைதான் அலமாரியில் எண்ணெயை இறுக்குகிறது.

இந்த விளக்கம் சரியென்றால் அதிலிருந்து ஒரு முன்கணிப்பும் வர வேண்டும்: இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் சீக்கிரம் பிசுக்காக வேண்டும், குறைந்தது பிசுக்காகாமல் கிடக்க வேண்டும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 8. பாமாயிலுக்கு 50ஐ ஒட்டி. கடலை எண்ணெய்க்கு 90ஐ ஒட்டி. நல்லெண்ணெய்க்கு 110, சூரியகாந்தி எண்ணெய்க்கு 130 அளவில். பெயின்ட்டுக்கே பயன்படும் ஆளி எண்ணெய்க்கு 170க்கும் மேல். தேங்காய் எண்ணெய் வருடக்கணக்கில் கிடந்தாலும் சிக்கு வாடை அடிக்குமே தவிர, இறுகிப் பிசினாகாது. சூரியகாந்தி எண்ணெய் அடைத்த புட்டியின் கழுத்தில் வழிந்து காய்ந்தது நகத்தால் சுரண்ட வேண்டிய அளவுக்குக் கெட்டிப்படுகிறது. தையல் மிஷினுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள் என்று மெக்கானிக் சொல்வதும் இதனால்தான். மிஷின் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதில் பின்னிக்கொள்ளும் இரட்டைப் பிணைப்பு கிட்டத்தட்ட இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும். எவர்சில்வர் தட்டு இரண்டில் ஒன்றில் தேங்காய் எண்ணெயும் மற்றொன்றில் சூரியகாந்தி எண்ணெயும் மெல்லியதாகத் தடவி, வெயில் படும் ஜன்னலில் சில வாரம் வைத்தால் யாரும் இதை வீட்டிலேயே சோதிக்கலாம்.

இந்த வினையை நாம் வேண்டி விரும்பிச் செய்வதும் உண்டு. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் தடவிக் காயவைத்து, மறுபடி தடவிக் காயவைத்து ஒரு கறுத்த வழுவழுப்பை உருவாக்குகிறோமே, அதுவும் எண்ணெய் பலபடியாவதுதான். அலமாரியில் மாதக்கணக்கில் நடப்பது கல்லின் சூட்டில் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிகிறது. ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக ஆளி எண்ணெயில் நிறம் குழைத்துத் தீட்டியதும், தச்சர்கள் அதையே மரத்துக்குப் பூசியதும் இதே வினையை நம்பித்தான். பெயின்ட் என்பது என்ன? காய்ந்து படலமாகும் ஓர் எண்ணெய் அல்லது பிசின்; அதில் பிடித்துவைக்கப்பட்ட நிறத்தூள். அடுக்களைப் பிசுக்கில் எண்ணெய் இருக்கிறது; நெடுஞ்சாலைப் புழுதி, மாவுத் துகள், துணிப் பஞ்சு, கரி, மஞ்சள்பொடி ஆகியவை நிறத்தூளாக இருக்கின்றன. யாரும் பூசாமலே, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தாளிப்பின்போதும் ஒரு கோட் என்ற கணக்கில், மரத்தின் மேல் பெயின்ட் ஏறிக்கொண்டிருக்கிறது. பிசுக்கை அரைகுறை வார்னிஷ் என்று சொல்வது உவமைக்காக இல்லை. பொருளின் இயல்பே அதுதான்.

இப்போது சோப்பு ஏன் தோற்கிறது என்று பார்க்கலாம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை எண்ணெயை விரும்புவது. எண்ணெய் முனைகள் எண்ணெய்த் துளியில் குத்திக்கொள்ள, நீர் முனைகள் வெளியே பார்த்து நிற்க, துளி தண்ணீரோடு போய்விடுகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பைப் பற்றிய அறிவுக்கு அடுக்களையே ஒரு காலத்தில் ஆய்வுக்கூடமாக இருந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பல்கலைக்கழகம் போக வாய்ப்பில்லாத ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய் படரும் விதத்தைக் கவனித்து, தானே ஒரு தொட்டியும் அளவுகோலும் அமைத்து அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை இயற்பியலாளர் ராலே பிரபு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி 1891இல் அச்சேற்றினார். பின்னால் வந்த பரப்பு வேதியியல் அவருடைய தொட்டியிலிருந்து வளர்ந்தது. ஆனால் அவர் பார்த்த எண்ணெய் ஓடும் எண்ணெய். சோப்பு துளியைத்தான் சூழ முடியும். துளியாகப் பிரிய மறுக்கும் வலையை அதனால் சூழ முடியாது. நெய்த சேலையிலிருந்து ஒரு நூலை மட்டும் உருவ முடியாததைப்போல.

ஆக, வலையாகிவிட்ட பிசுக்கை எடுக்க மூன்று வழிகள்தான் உண்டு: ஊறவைத்துத் தளர்த்துவது, வேதிப்பொருளால் வெட்டுவது, சுரண்டி எடுப்பது. ஊறவைப்பதை நாம் பலாப்பழத்திடம் கற்றிருக்கிறோம். பலாப்பாலைத் தண்ணீரும் சோப்பும் அசைக்காது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். ஒத்த இயல்புள்ளதுதான் ஒத்ததற்குள் நுழையும். இறுகிக்கொண்டிருக்கும் பிசுக்கின் மேல் புது எண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் விட்டால், அந்த எண்ணெய் வலையின் கண்களுக்குள் நுழைந்து அதை உப்பவைக்கிறது. இன்னும் பின்னாத மூலக்கூறுகளைக் கரைத்தும் விடுகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இதற்குத் தேங்காய் எண்ணெய்தான் ஏற்றது; மிச்சம் ஒட்டியிருந்தாலும் அது புதுப் பிசுக்காக மாறாது. மண்ணெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். அடுப்பு இருக்கும் அறையில் அதன் ஆவி ஆபத்து என்பதால் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வெட்டும் வழி காரத்தின் வழி. வால்களைக் கிளிசராலோடு பிணைக்கும் முடிச்சுகள் வலை பின்னிய பிறகும் அப்படியேதான் இருக்கின்றன. சலவை சோடா, காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் அந்த முடிச்சுகளை அறுத்துப் பிசுக்கையே சோப்பாக மாற்றிவிடும். இதற்கும் சாட்சி உண்டு: புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரில் எண்ணெய் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் அது குழைந்து உரிந்துவிடும், ஈர சிமென்ட்டின் காரம் பெயின்ட்டின் முடிச்சுகளை அறுப்பதே காரணம். 'அப்படியானால் காரத்தையே பயன்படுத்தலாமே, எக்ஸாஸ்ட் ஃபேன் றெக்கையை அப்படித்தானே சுத்தம் செய்கிறோம்' என்று கேட்கலாம். இரும்பு றெக்கைக்கு அது சரி. மரத்துக்கு ஏன் சரியில்லை என்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, பங்காளிப் பிரச்சினை: கத்தரிக்கோலுக்கு எந்தச் சேலை பழையது, எந்தச் சேலை வேண்டியது என்று தெரியாது. எண்ணெய் வார்னிஷிலும் அதே முடிச்சுகள்தான். ஸ்பிரிட் பாலிஷில் இருக்கும் அரக்கு, காரத்தில் கரையவே கரைந்துவிடும். இரண்டு, மரத்தின் துவர்ப்பொருள்: வெற்றிலை பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வாய் சிவக்கிறதே, பாக்கின் துவர்ப்பு காரத்தில் நிறம் மாறுவது அது. மரத்திலும் துவர்ப்பொருள் இருக்கிறது. சோடா பட்ட இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகலாம். மூன்று, தண்ணீர்: மரத்தின் நார்கள் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும்; ஐப்பசி மழையில் கதவு இறுகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சோடாக் கரைசலைக் கொட்டித் தேய்த்தால் அது மரத்தின் நுண்குழல்களில் இறங்கி அங்கேயே தங்கும். நான்கு, பசை: விலை குறைந்த பிளைவுட்டை ஒட்டியிருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை வெந்நீரில் விட்டுக்கொடுக்கும்; ஓரங்கள் பிளந்து பூரித்துவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை.

காரம் வேண்டாம் என்றால் அமிலம் போடலாமா? ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றி, அது நுரைப்பதைக் காட்டி, 'அழுக்கைக் கிளப்புகிறது' என்று சொல்லும் குறிப்புகள் எங்கும் உலவுகின்றன. நுரைப்பது கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது ஓர் உப்புக் கரைசல். அதற்குப் பிசுக்கை வெட்டவும் தெரியாது, கரைக்கவும் தெரியாது. தனித்தனியே போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சிறு பயனும் கலந்ததில் போய்விடுகிறது. எலுமிச்சைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் சாறு பிசுக்குக்குப் பெரிதாக உதவாது. தோலில் இருக்கும் வாசனை எண்ணெய் உதவும். அது பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய் செய்யும் வேலையைச் செய்கிறது. பிளீச்சிங் பவுடர் நிறத்தை வெளுக்குமே தவிரப் பிசுக்கை எடுக்காது. அதோடு அமிலம் எதையாவது கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மூடிய அடுக்களையில் இது விளையாட்டில்லை.

அப்படியானால் மரத்துக்கு என்னதான் வழி? இதற்கு விடை சுங்குவார்சத்திரம் வட்டாரத்தின் ஆலைகளுக்குள் இருக்கிறது. கார் உடற்கூட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன், தகட்டை வளைக்கும்போது பூசிய எண்ணெயை நீக்க, மிதமான சூட்டில் காரக் கரைசலும் சோப்பு போன்ற பொருள்களும் கலந்த தொட்டியில் அதை முக்கி எடுக்கிறார்கள், பீய்ச்சுகிறார்கள், அலசுகிறார்கள். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்கச் சோதனையும் உண்டு: தண்ணீர் பரப்பெங்கும் உடையாத படலமாக நின்றால் சுத்தம், எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் மிச்சம். சுத்தம் செய்வதன் பொதுக்கணக்கை ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வேதிப்பொருள், வெப்பம், தேய்ப்பு, நேரம் என்று நான்கு பங்குகள். ஒரு பங்கைக் குறைத்தால் மற்றவை கூடியாக வேண்டும். எல்லாவற்றையும் குறைத்துவிட்டுச் சுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. துணி துவைக்கும் மிஷினுக்கும் இதே கணக்குதான்; சுங்குவார்சத்திரத்தில் செய்யப்படும் மிஷின்களுக்குள்ளும் இந்த வட்டம் சுழல்கிறது. இப்போது இந்த வட்டத்தை மர அலமாரிக்குப் பொருத்திப் பாருங்கள். வீரியமான வேதிப்பொருள் பாலிஷைத் தின்னும். வெப்பம் பசையைப் பிரிக்கும். முரட்டுத் தேய்ப்பு கீறல் போடும். மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். மரத்தைச் சுத்தம் செய்வது என்பது வீரியத்தை நேரத்தால் ஈடுகட்டும் வேலை.

தலைமுடியை நாம் இப்படித்தான் நடத்துகிறோம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது எண்ணெயை எடுக்கச் சலவை சோடாவைத் தேடுவதில்லை. சீயக்காயோ அரப்போ போதும். அவற்றில் இருக்கும் சபோனின் என்ற பொருளும் சோப்பைப்போல ஒருமுனை நீர், ஒருமுனை எண்ணெய் என்று அமைந்ததுதான். ஆனால் காரம் இல்லாதது. மரமும் முடியைப்போல நாரால் ஆன பொருள். அதற்கும் இந்த மென்மைதான் வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய நீரோ, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரோ போதும். கதவின் உட்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகங்களில் பழைய மரச்சிற்பங்களைச் சுத்தம் செய்பவர்களின் முதல் விதி அது. மிக மென்மையானதில் தொடங்கி, பயன் இல்லையென்றால் மட்டும் அடுத்த படிக்குப் போவது இரண்டாவது விதி. தடித்த பிசுக்கு என்றால் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே வழித்தெடுக்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஒட்டினாற்போல் பத்து நிமிடம் போட்டுவைத்து, துடைத்து, வெறும் நீரில் பிழிந்த துணியால் இரு முறை துடைத்து, உடனே உலர்துணியால் ஈரத்தை எடுக்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் அடுத்த வாரமும் இதையே செய்தால் படிப்படியாக வரும். பின்னிய வலை ஒரு தடவைக்கு ஓர் அடுக்குதான் கழலும்.

வேலை சரியாக நடக்கிறதா என்று காட்ட ஒரு குறிகாட்டி நம் பிசுக்கிலேயே கலந்து கிடக்கிறது: மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பதுபோல, காரம் பட்ட இடத்தில் மஞ்சள் கறை செம்மையாகும். வெள்ளை வேட்டியில் குழம்புக் கறை சோப்பு பட்டதும் சிவப்பதும் அதனால்தான். அலமாரியைத் துடைத்த துணியிலோ மரத்திலோ அந்தச் செம்மை தெரிந்தால், நீங்கள் போட்டதில் காரம் இருக்கிறது, அது இன்னும் மரத்தில் தங்கியிருக்கிறது என்று பொருள். வெறும் நீரால் துடைக்கத் துடைக்க நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். திரும்பிய பிறகுதான் மரம் பத்திரம். கார் ஆலைக்குத் தண்ணீர்ப் படலம் சோதனை என்றால் நமக்கு மஞ்சள் சோதனை. மிச்சமிருக்கும் மஞ்சள் கறையைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. அந்த நிறப்பொருள் வெயில் படப்பட வெளுத்துவிடும்.

'பாட்டி காலத்து அடுக்களையில் இவ்வளவு பாடு இல்லையே' என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அப்போதும் பிசுக்கு இருந்தது. அது உட்கார்ந்த பரப்புதான் வேறு. அஞ்சறைப் பெட்டியும் மணையும் பாலிஷ் போடாத கட்டி மரம். சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து வெயிலில் காயவைக்கலாம், மேல்தோல் கொஞ்சம் தேய்ந்தாலும் உள்ளே இருப்பதும் அதே மரம். சாம்பல் ஒரு காரம் என்பதால் அது வேலையும் செய்தது. இன்றைய அலமாரியின் அழகு ஒரு நகக்கண் அளவுகூட இல்லாத பாலிஷிலும், அதன் கீழே ஒட்டிய மெல்லிய மரத்தோலிலும் இருக்கிறது. அது தேய்ந்தால் கீழே இருப்பது அதே மரம் இல்லை. பரப்பு மாறியபோது சுத்தம் செய்யும் முறையும் மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தை யாரும் கற்றுத்தரவில்லை. பழைய முறையோடு புதுப் பரப்பைத் தேய்த்து, அது பாழானதும் தேய்த்தவரைக் குறை சொல்கிறோம்.

தேய்த்தவர் பெரும்பாலும் பெண். எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்து அடுப்பு பற்றவைப்பவராகவும் இருக்கலாம். அவரிடம் குறைவது கைவலிமையோ அக்கறையோ இல்லை. சின்னர் வட்டத்தின் நான்காவது பங்கான நேரம்தான் அவரிடம் இல்லை. இதை ஒப்புக்கொண்டால் தீர்வும் வேறு இடத்தில் தெரிகிறது. புகை வெளியேறும் ஒரு விசிறி, அடுப்புக்கு நேர் மேலே அலமாரி வைக்காத ஒரு வீட்டுத் திட்டம், பொரிக்கும் நாட்களில் வாணலிக்கு ஒரு வலைமூடி, துடைக்கும் வேலையை வீட்டில் இருக்கும் எல்லோரும் பகிரும் வழக்கம் ஆகியவை பிசுக்கு எதிர்ப்பில் எந்தத் திரவத்தையும்விடப் பெரிய ஆயுதங்கள். இவற்றோடு, வேதியியல் நமக்குத் தரும் ஒரு சலுகையையும் மறக்க வேண்டாம். வலை பின்ன வாரங்கள் ஆகும். அதுவரை அது கழுவினால் போகும் சாதாரண எண்ணெய். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்கப்போகும் வேலை, இன்றிரவு பிழிந்த துணிக்கு அரை நிமிட வேலை. அலமாரிக் கதவில் இப்போது படிந்திருக்கும் இன்றைய தாளிப்பு இன்னும் எண்ணெயாகத்தான் இருக்கிறது.